இருபதாவது பிள்ளை

பிப்ரவரியில் சிப்பி நன்றாகக் கொழுத்திருக்கும். அதை உடைக்கிற எங்கள் விரல்கள்தான் மரத்துப்போய் எதற்கும் உதவாமல் கிடக்கும். பஞ்சுக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை, காலடியில் வெந்நீர் வாளி என்று எல்லாம் இருந்தும், யாராவது ஒருத்தி கத்தியைப் போட்டுவிட்டுக் கையை வெந்நீரில் முக்கி 'ஸ்ஸ்' என்று சத்தம் விட்டுக்கொண்டேயிருப்பாள். ஹயாசே துறையில் இந்தக் கொட்டகைக்கு நான் வந்த காலத்தில் பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். இப்போது இடுப்புக்கு மெத்தை, மதியச் சாப்பாட்டுப் பெட்டி, ரேடியோ எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. உடைக்க வருகிறவர்களில் மூன்று பேர் வியட்நாமிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த பெண்கள். மரிதெஸ் பிலிப்பைன்ஸிலிருந்து கல்யாணமாகி வந்தவள். மிச்சம் இருக்கும் நாங்கள் நாலைந்து பேர் உள்ளூர்க் கிழங்கள்.

கொட்டகைக்கே இந்தக் கதி என்றால் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஹயாசே மேல்நிலைப்பள்ளியில் படித்தபோது வருஷத்துக்கு நாலு வகுப்பு, வகுப்புக்கு நாற்பது பேர். இன்றைக்கு மூன்று வருஷத்துப் பிள்ளைகளையும் மைதானத்தில் நிறுத்தினால் அறுபது தேறாது. வேதியியலுக்கும் விளையாட்டுக்கும் ஒரே வாத்தியார். இயற்பியல் பாடத்தை டிவி பெட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். படித்து முடிப்பவர்களில் பாதிப் பேர் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவார்கள், மிச்சப் பேர் மீன் ஆலைக்கும் ராணுவத்துக்கும் போவார்கள். எப்போதாவது ஒரு பிள்ளை அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், ஸ்டேஷன் வாசலில் துணியில் பெயர் எழுதித் தொங்கவிடுவோம். எழுத்து வெளுத்துப்போகிற வரைக்கும் அதை அவிழ்க்க மனசு வராது.

மாகாணத்துச் சட்டம் ரொம்ப எளிது. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் தொடர்ந்து இரண்டு வருஷம் இருபதுக்குக் கீழே போனால், அதற்கப்புறம் சேர்க்கை கிடையாது. இருக்கிற பிள்ளைகள் படித்து முடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். போன வருஷம் பதினெட்டுப் பேர்தான் சேர்ந்தார்கள். ஆகவே இந்த வருஷம் வாழ்வா சாவா என்று ஆகிவிட்டது.

பள்ளியைக் காப்பாற்றும் சங்கத்துக்குத் தலைவர் ஒனோதெரா கன்ஜி. சிப்பி வளர்க்கிறவர். வளைகுடாவில் சிப்பிக் கயிறு தொங்கவிட்ட ஏழு தெப்பம் அவருக்கு மிதக்கிறது. இடி விழுந்தாலும் மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அவரைப் பிடித்துத் தலைவராக்கிய புண்ணியவான் முடிவெட்டும் யாகி. பேச்சு யாகிக்கு, குனிகிற வேலை கன்ஜிக்கு. அந்த இலையுதிர் காலம் முழுக்க, கடலிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, உடைத்த சிப்பியை டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடு வீடாகப் போனார். வாசல் தரையிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து நெற்றி தரையில் படக் குனிந்து, "எங்க பொண்ணையும் இங்கதான் சேக்கப்போறேன். உங்க பிள்ளையையும் அனுப்புங்க" என்பார். வேறு ஒன்றும் சொல்லத் தெரியாது. அந்த ஒரு வாக்கியம்தான் பல வீடுகளில் வேலை செய்தது.

சொல்லும் முன்பு பொண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவர் செய்த தப்பு.

ஷிஹோ அவருக்கு ஒரே மகள். மாகாணத் தேர்வில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் மார்க் வாங்குகிறவள். மருந்தியல் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு நகரத்தில் இருக்கிற முதல்தர மேல்நிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போய்வருகிற தூரமில்லை, அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். அப்பா வீடு வீடாகச் சொன்ன வாக்கியத்தை அவள் வகுப்புத் தோழி வாயால்தான் கேட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் டிவி மட்டும்தான் பேசியது. இதையெல்லாம் அவள் அம்மா சயோகோ கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லுவாள்.

"ஹயாசேக்கே விண்ணப்பம் போட்டுட்டா, ஃபுமி அக்கா. ஒரு வார்த்தை பேசல. 'போட்டாச்சு'ன்னு மட்டும் சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டா. சண்டை போட்டிருந்தாக்கூட எனக்குத் தாங்கும்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவரா? 'சூப்பு ஆறிப்போச்சு'ன்னாரு."

எங்கள் மாகாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பள்ளிக்கும் எத்தனை பேர் விண்ணப்பம் போட்டார்கள் என்று பேப்பரில் பத்தி பத்தியாக அச்சடித்துவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு தடவை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். பேப்பர் வந்த அன்று காலையில் கொட்டகையில் யாரும் கத்தியைத் தொடவில்லை. மரிதெஸ்தான் விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"ஹயாசே, இருபத்தொண்ணு! இருபத்தொண்ணு அக்கா!"

கிழங்கள் எல்லாம் குதித்தோம். வியட்நாம் பெண்களுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவர்களும் கை தட்டினார்கள். யாகி கடையைப் பாதியில் போட்டுவிட்டு, கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்து, "ஒண்ணு கூடவே இருக்கு பாத்தீங்களா! தலைவரு குனிஞ்சது வீண்போகல" என்று கத்திவிட்டுப் போனார். சயோகோ மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நடந்ததை அவள் எனக்கு மறுநாள் சொன்னாள். கன்ஜி மீன் வறுவலைத் தின்றுகொண்டிருந்தாராம்.

"ஷிஹோ அப்பா, ஒண்ணு கூட இருக்குதே" என்றிருக்கிறாள் இவள்.

"ம்."

"இருபது போதும்தானே."

அவர் மீனில் முள்ளை எடுத்தார்.

"நீங்க குடுத்த வாக்கு இருபதுக்குத்தானே? அந்தக் கூடுதல் ஒண்ணு நம்ம பொண்ணா இருந்தா யாருக்கு என்ன நட்டம்?"

"ஊரு பாக்கும்."

"ஊரு அவ முகத்தப் பாக்குதா? நான் பாக்குறேன். தினமும் பாக்குறேன்."

கன்ஜி சோற்றுக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். காலையில் இவள் எழுந்தபோது அவர் படகில் போயிருந்தார். மேசையில், சோயா குப்பிக்குப் பக்கத்தில், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற அவருடைய பெயர் முத்திரை இருந்தது. வழக்கமாக அது அலமாரி இழுப்பறையில் பூட்டியிருக்கும். விண்ணப்பத்தை மாற்ற வேண்டுமென்றால் தகப்பன் முத்திரை இல்லாமல் முடியாது. சரி என்று வாயால் சொல்ல வராத மனுஷன், முத்திரையை வெளியே வைத்துவிட்டுக் கடலுக்குப் போயிருக்கிறார். "அதை ரெண்டு கையாலயும் எடுத்தேன் அக்கா" என்றாள் சயோகோ. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரேடியோ சத்தத்தில் எங்கள் பேச்சு கேட்காத மரிதெஸ், வெங்காயமா என்று கேட்டாள். கொட்டகையில் வெங்காயம் ஏது? அவளுக்கும் தெரியும். அவள் அப்படித்தான் கேலி பண்ணுவாள்.

ஷிஹோ நகரத்துப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டாள். வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை.

மாற்றும் வாரம் முடிந்து கடைசி எண்ணிக்கை பேப்பரில் வந்தது. ஹயாசே, பத்தொன்பது.

ரேடியோவில் வானிலை சொன்னான், வடமேற்குக் காற்று பலமாம். சயோகோ நாலு சிப்பியை உடைத்தாள், நாலிலும் கத்தி சதையில் இறங்கிவிட்டது. எதிரே இருந்த மரிதெஸ் திடீரென்று கத்தியை வைத்துவிட்டு எழுந்து, ரப்பர் ஏப்ரனோடு சயோகோ முன்னால் வந்து நின்று இடுப்பு மடியக் குனிந்தாள்.

"அக்கா, மன்னிச்சுருங்க. நான்தான்."

"என்ன நீ?"

"எங்க பையன். பக்கத்து டவுன் தொழில் பள்ளிக்கு மாத்திட்டோம். எஞ்சின்னா உசிரு அவனுக்கு, ஒங்களுக்குத் தெரியுமே. தலைவரு வந்து குனிஞ்சாரு, எங்க வீட்டுக்காரரால முடியாதுன்னு சொல்ல முடியல. ஒண்ணு கூடுதலா இருக்குன்னு பேப்பர்ல வந்துச்சா, அந்த ஒண்ணு நம்ம பையனா இருந்துட்டுப் போகட்டும்னு… நாலு நாளா ஒங்க வீட்டு வழியா போகாம துறையச் சுத்திக்கிட்டுப் போறேன் அக்கா."

சயோகோவும் எழுந்தாள். அவளும் குனிந்தாள்.

"இல்ல மரிதெஸ். அந்த ஒண்ணு எங்க வீட்டுது."

"என்னது?"

"ஷிஹோவை மாத்திட்டோம்."

இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி மாறி மாறிக் குனிந்துகொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒருத்தர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்துபோயிருக்கும் விஷயம். எங்கள் ஊரில் அது மட்டும் நடக்காது. அடுத்தவருக்குச் சங்கடம் வரக் கூடாதென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தே காரியத்தைக் கெடுத்துவிடுவோம். வாயை மூடியவர்களில் நானும் ஒருத்தி.

அதற்கப்புறம் வந்த வாரங்கள்தான் மோசம். நகரத்துப் பள்ளிகளின் நுழைவுப் பரீட்சையில் தோற்கிற பிள்ளைகள், காலியிடம் இருக்கிற பள்ளியில் இரண்டாம் சேர்க்கைக்கு வரலாம். ஊரிலிருந்து வெளியே பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அதில் யாராவது ஒருவர் தோற்றால் இருபது ஆகிவிடும். இதை யாரும் சொல்லவில்லை. ஆனால் மளிகைக் கடையிலும் பொதுக் குளியல் கூடத்திலும் பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். யாகி ஒரு நாள் என் முடியை வெட்டிக்கொண்டே, "இன்னும் முடிஞ்சு போகல, யாராவது ஒருத்தர்…" என்று ஆரம்பித்துவிட்டுக் கத்திரியைச் சும்மா காற்றில் வெட்டினார். பிள்ளைகளுக்குக் கோயிலில் வெற்றித் தாயத்து வாங்கிக் கொடுத்ததும் இதே ஊர்தான். கொடுக்கிற கை ஒன்றை வேண்டிக்கொண்டது, மனசு இன்னொன்றை. இந்தக் கேவலத்தை யாரிடம் சொல்லி அழுவது?

கன்ஜி தினமும் கடலுக்குப் போனார். ஊரே விஷயத்தைத் தெரிந்துகொண்டிருந்தது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அவர் முன்பு குனிந்த வீடுகளுக்கு மறுபடி போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர்கள் "பரவாயில்ல தலைவரே, பிள்ளைங்க விருப்பம்தான் முக்கியம்" என்று டீ கொடுத்து அனுப்பினார்கள். திட்டியிருந்தால் அந்த மனுஷன் நிமிர்ந்து நடந்திருப்பார்.

மார்ச் நடுவில் முடிவு வந்தது. அன்று சயோகோ கொட்டகைக்கு வரவில்லை. மதியத்துக்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மரிதெஸ் பையன் தொழில் பள்ளியில் தேறிவிட்டான். வெளியே போன மற்றப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். ஷிஹோ மட்டும் தோற்றுவிட்டாள்.

நான் முதலில் என்ன நினைத்தேன் என்பதை எழுத வேண்டாம். எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள்.

அவள் இரண்டாம் சேர்க்கையில் ஹயாசேக்கு விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குப் போய்வந்தாள். பள்ளி வாசல் பலகையில், தேறியவர் எண் என்று அவளுடைய ஒரே ஒரு எண்ணை மட்டும் ஒட்டினார்கள். அன்றைக்கும் சயோகோ வேலைக்கு வராததால், அவளுடைய பூட்ஸையும் கத்தியையும் கழுவி எடுத்துக்கொண்டு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பனி மழையாக மாறிக் கொட்டிக்கொண்டிருந்தது. சமையலறையில் அவளும் நானும் உட்கார்ந்தோம். கன்ஜி அடுப்புக்குப் பக்கத்தில் கயிற்று முடிச்சு ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஷிஹோ மாடியில் இருந்தாள்.

வாசல் மணி அடித்தது. கன்ஜி போனார். யாகியின் குரல் சமையலறை வரைக்கும் கேட்டது.

"தலைவரே! வீட்டுக்காரி காலையிலேயே பயறு ஊறப்போட்டுட்டா. சூடா இருக்கு, வாங்கிக்குங்க."

பயறு சேர்த்து அவித்த சிவப்புச் சோறு அது. பிள்ளை பிறந்தால் செய்வோம், கல்யாணத்துக்குச் செய்வோம், பரீட்சையில் தேறினால் செய்வோம். சயோகோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாகி கெட்டவர் இல்லை. பள்ளி பிழைத்த சந்தோஷத்தில், யாருடைய வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"ரெண்டு வருஷம் மூச்சு விடலாம் தலைவரே. எல்லாம் ஒங்க பொண்ணாலதான். எவ்ளோ பெரிய மனசு! அப்பாவுக்காக விட்டுக்குடுத்துட்டா. நகரத்துப் பள்ளிக்கூடம் அவளுக்கு ஒரு விஷயமா? வேணும்னேதான் தோத்திருப்பா. ஊரெல்லாம் அதையேதான் பேசுது."

கன்ஜி குனிந்திருப்பார். பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அதற்குள் இன்னொரு தடவை மணி அடித்து, இன்னொரு சிவப்புச் சோறு வந்துவிட்டது.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. ஷிஹோ இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது, தலை வாரவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"எனக்கா?"

"மூடி வச்சுட்டு வா கண்ணு, நான் வேற ஏதாவது…" என்று சயோகோ எழுந்தாள்.

"பசிக்குது." எள்ளுப்பொடி டப்பாவை எடுத்துவந்து மேலே தூவி, நின்றபடியே ஒரு வாய் தின்றாள். "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. நான் தோத்ததுக்கு ஊரே விருந்து வைக்குது."

"ஷிஹோ…"

"யாகி மாமா பேசினது மேல வரைக்கும் கேட்டுச்சும்மா. வேணும்னே தோத்தேனாம்." அவள் பெட்டியைத் தள்ளிவைத்தாள். "ராத்திரி பகலா படிச்சேன். தெரிஞ்சதெல்லாம் எழுதினேன். கணக்குல கடைசி ரெண்டும் வரல, அவ்ளோதான். நான் யாருக்கும் எதையும் விட்டுக்குடுக்கல. எனக்குப் போகணும். இன்னிக்கும் போகணும். தோத்ததாவது என்னுதா இருக்கட்டுமே. அதையும் பிடுங்கிக்கிட்டா எப்படி?"

கன்ஜி கயிற்றைக் கீழே வைத்தார். ஷிஹோ அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஒண்ணு கேக்குறேன், பொய் சொல்லாதே. நான் தோத்துட்டேன்னு தெரிஞ்சப்போ ஒனக்கு நிம்மதியா இருந்துச்சா?"

சயோகோ ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் இறக்கவில்லை.

"இருந்துச்சு" என்றார் கன்ஜி.

ஷிஹோ எள்ளுப்பொடி டப்பாவை மூடினாள்.

"படகுல இருந்தேன். அம்மா போன் பண்ணினா. தோத்துட்டான்னா. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம்தான் ஒன் முகம் நெனப்புக்கு வந்துச்சு. கயிறு கையை விட்டுப் போயிருச்சு. ஒரு கொத்து சிப்பி அப்படியே கடலுக்குள்ள…" அவர் நிறுத்தினார். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்து நான் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரைக்கும் ஓடியது, துடைக்கவில்லை. "மன்னிச்சுரு."

ஷிஹோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தாள். அழுதுகொண்டே தின்றாள். அவள் மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பசித்த பிள்ளை தின்கிறது என்று மட்டும்தான் எனக்குப் பட்டது.

மணி மறுபடியும் அடித்தது. கன்ஜி முகத்தைக் கையால் வழித்துக்கொண்டு எழுந்து போனார். கதவு திறந்தது. யாரோ ஒரு பெண் குரல், "தலைவரே, வாழ்த்துகள், பொண்ணு ஊருக்காக…" என்று ஆரம்பித்தது.

"எம் பொண்ணு விட்டுக்குடுக்கல" என்றார் கன்ஜி.

வீடே அதிர்கிற குரல். ஷிஹோவின் கை பாதியில் நின்றது.

"நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு ஆசைப்பட்டு, நல்லாப் படிச்சு, பரீட்சை எழுதித் தோத்துட்டா. போக முடியாம இங்க வந்திருக்கா. இன்னொரு தடவை எழுதுவா. காலேஜுக்கு எழுதுவா. எங்க வேணும்னாலும் போவா. இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லணும். யாகிகிட்டயும் சொல்லிருங்க."

மழை மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் குரல், ரொம்பத் தாழ்ந்து, "சரிங்க" என்றது. கதவு சாத்திக்கொண்டது.

கன்ஜி திரும்பி வந்தபோது கையில் மூன்றாவது பெட்டி இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறை நடுவில் நின்றார். ஷிஹோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எதிரே இருந்த நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினாள்.

"அதை அங்க வச்சுட்டு ஒக்காரு" என்றாள். "என்னால தனியா இவ்வளவையும் திங்க முடியாது."